போட்டோவில் இருந்தது ஹாம்ஸ்டர் இல்லை

அன்புச் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், கடையும் நலம், பெரிய சலவை மிஷின் மட்டும் கொஞ்ச நாளாக இருமுகிறது, அதுவும் பிழைத்துக்கொள்ளும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிந்து விழாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு அடுத்த விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உனக்கு ஒரு போட்டோ அனுப்பினேனே, என் உள்ளங்கையில் ஒன்று சுருண்டு உட்கார்ந்திருந்ததே, நீகூட அதைப் பார்த்துவிட்டு, ஐயோ தங்கக்கட்டி, சாதிச்சுட்டீங்கப்பா என்று எழுதினாயே, அது நான் வளர்க்கிற ஹாம்ஸ்டர் எலி இல்லை கண்ணு. அது ஒரு குளிர்குல்லாவின் உச்சியில் தைத்திருந்த உரோம உருண்டை.

திட்டி முடித்துவிட்டு மேலே படி. அந்தக் குல்லா நம் கடைக்கு வாடிக்கையாக வரும் காலேஜ் பெண்ணுடையது, துவைக்கும்போது உருண்டை பிய்ந்து தனியாக வந்துவிட்டது, அதைத் தைத்துக் கொடுக்கலாம் என்று கையில் எடுத்தேன், நிறமும் பருமனும் அப்படியே நம் வீட்டுப் பிராணி. என் புத்திதான் உனக்குத் தெரியுமே, நேர்வழி அகலமாக விரிந்து கிடந்தாலும் சந்து எங்கே என்று தேடும். சட்டை மடித்து வைக்கும்போது குத்துவோமே கருப்புத் தலை குண்டூசி, அதில் இரண்டை எடுத்துக் கண்ணாகக் குத்தி, கையில் வைத்துக்கொண்டு, நம் இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னேன். அவர் பாதியில் போனை இறக்கி, அண்ணே, காது இல்லையே என்றார். தூங்கும்போது காதை மடிச்சு வெச்சுக்கும், நீங்க எடுங்க என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கை ஆடிப் படம் கலங்கிப்போனது, அந்தக் கலக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. உருண்டையைத் திரும்பத் தைத்துக் கொடுத்தேன், குண்டூசியை எடுக்க மறந்துபோனேன். அந்தப் பெண் மறுநாள் வந்து, அங்கிள், என் குல்லா என்னையே முறைக்குது என்றாள். இதைப் போனில் சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய், நானும் சிரித்துப் பேச்சை மாற்றியிருப்பேன். அதனால்தான் கடிதம். இதில் நான் தப்பித்து ஓட வழி இல்லை.

சிரிக்கிற விஷயம் இத்தோடு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள். நீ அந்தப் போட்டோவை நம்பி டிக்கெட் எடுத்துவிட்டாய். மாப்பிள்ளையிடம் காட்டி, சம்பந்தி அம்மாவுக்கும் அனுப்பி, பாப்பாவை எங்க அப்பா அம்மாகிட்டதான் விடப்போறோம், அத்தை நீங்க சிரமப்படாதீங்க என்றும் சொல்லிவிட்டாயாம். சம்பந்தி அம்மாவே எனக்குப் போன் பண்ணிச் சொன்னார்கள், ரொம்ப அழகான எலி சம்பந்தி, ஆனா கொஞ்சம் சோர்வா இருக்கே, கண் ரெண்டும் ஒரே இடத்துல நிக்குதே என்று. அந்த அம்மா முப்பது வருஷம் டீச்சராக இருந்தவர்கள், பரீட்சை ஹாலில் பிட்டு அடிப்பவனை முதுகைப் பார்த்தே பிடித்தவர்கள், அவர்களிடம் குண்டூசிக் கண் செல்லுமா. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய்யை நம்பி நீ குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய், அது இங்கே அழுது ஏங்கினால் நான் யார் முகத்தில் முழிப்பது. உண்மையைச் சொன்னால் நீ டிக்கெட்டை ரத்து பண்ணிவிடுவாய், அதுவும் என்னால் தாங்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் நான் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் மாட்டின துணி மாதிரி கிடக்கிறேன்.

இதற்கெல்லாம் தொடக்கம் யார் என்று கேட்டால் நீதான், கோபித்துக்கொள்ளாதே. போன தடவை நீங்கள் வந்தபோது ஸ்டேஷனில் பாப்பா இறங்கினதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, பின்னால் போய் இரண்டு கையாலும் அள்ளித் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து, என் மீசையால் கன்னத்தில் ஒரு தேய் தேய்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது. நான் வாசல் வழியாக வந்தால் அது கொல்லைப் பக்கம் போனது, நான் கொல்லைக்குப் போனால் உன் காலுக்குப் பின்னால் நின்றது. நீங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவிடம் கேட்டது நினைவிருக்கிறதா, இந்தத் தாத்தா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க என்று. என் வீட்டில், என் நாற்காலியில் ஏறி நின்று, நான் வாங்கி வந்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு. எல்லாரும் சிரித்தீர்கள், நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றேன், அது உனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளைக்கு இந்தப் புது வேலை, புது ஊர், வீடு அமையும் வரை பாப்பாவை எங்கே விடுவது என்ற பேச்சு வந்தது. நீ போனில், அம்மாகிட்ட விடலாம்ப்பா, ஆனா வீட்ல நீங்களும் இருப்பீங்களே என்றாய். நான், குழந்தைகளுக்கு என்னைப் பார்த்தா உயிரு என்று ஆரம்பித்தேன். குழந்தையை விடுங்கப்பா, ஒரு எலிக்குட்டி உங்க கையில பத்து நிமிஷம் பயப்படாம உட்காரட்டும், அப்புறம் பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்தாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்கு அது கோர்ட்டு உத்தரவு மாதிரி காதில் விழுந்தது. மறுநாள் கடையை இஸ்திரிக்காரரிடம் விட்டுவிட்டு, தொட்டி மீன் விற்கிற கடைக்குப் போய் ஒரு ஹாம்ஸ்டர் வாங்கி வந்துவிட்டேன். கடைக்காரர், பேரப்பிள்ளைக்கா சார் என்றார். இல்ல, எனக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இதை எப்படிப் பழக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தார், அந்த நேரம் பார்த்து நான் அவருக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் அவர் சொன்னதில் பாதிதான் காதில் ஏறியது.

இனி நம் பிராணியைப் பற்றி. ஒரு சின்ன உருளைக்கிழங்கு பருமன், தேன் நிறம், வயிறு மட்டும் வெள்ளை, கண் இரண்டும் சட்டைப் பொத்தான் மாதிரி மினுங்கும், காதும் உண்டு. மானேஜர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பகல் முழுக்கத் தூக்கம், நாங்கள் கடையை மூடிவிட்டு வரும் நேரத்துக்கு எழுந்து, கிடைத்ததையெல்லாம் இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டு, நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விடும், வேறு என்ன பெயர் வைப்பது. வந்த அன்றைக்கே கூண்டின் மேல்மூடியைத் திறந்து, தொங்குகிற சட்டையைக் காலரைப் பிடித்துத் தூக்குவோமே, அதே மாதிரி மேலேயிருந்து கையை விட்டேன். ஆட்காட்டி விரலில் ஒரே கடி. நான் போட்ட கத்தலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். ரத்தம் மடிப்பதற்காக வீட்டுக்கு எடுத்து வந்திருந்த ஒரு வக்கீலின் சட்டையில் தெறித்து, அம்மா பச்சைத் தண்ணீரில் அதை அலசிக்கொண்டே, வானத்துலேர்ந்து ஒரு கை வந்தா யாருக்குத்தான் பயமா இருக்காது, பருந்துன்னு நினைச்சிருக்கும் என்றாள். எனக்கு அந்த நிமிஷம் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. ஆனால் வாயைத் திறந்து வேறு எதையோ சொல்லிச் சிரித்துவிட்டேன்.

அப்புறம் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கையை வைத்துப் பார்த்தேன். சூரியகாந்தி விதையை விரல் நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சும்மா உட்கார முடிகிறதா என்னால், பேச்சுக் கொடுத்தேன். கடையில் நடந்தது, டாக்டர் வீட்டுத் திரைச்சீலையில் லிப்ஸ்டிக் கறை எப்படி வந்தது, எதிர் வரிசை பேக்கரிக்காரர் தலைக்குச் சாயம் அடித்துத் தலையணை உறையைக் கெடுத்தது, எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன். நான் சிரிக்கும்போதெல்லாம் அது அட்டைக் குழாய்க்குள் ஓடிவிடும், உடம்பு உள்ளே போய்விடும், பின்பக்கம் மட்டும் வெளியே நடுங்கும். இஸ்திரிக்காரர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, அண்ணே, அது உங்களை நம்பாம இல்ல, உங்க ஜோக்கைத்தான் நம்பல என்றார்.

நாள் ஆக ஆக நிலைமை கெட்டது கண்ணு. பழகப் பழகப் பயம் போகும் என்பார்கள், இதற்குப் பழகப் பழகப் பயம் ஏறியது. தினமும் காலையில் புதிதாகப் பிடித்துக் கொண்டுவந்த மாதிரி மூலைக்கு மூலை ஓடியது, கம்பியைக் கடித்தது, ஒரு மூலையில் தோண்டிக்கொண்டே இருந்தது, தோண்டினால் எங்கேயோ போய்விடலாம் என்று நினைத்த மாதிரி. வைத்த விதை வைத்தபடி கிடந்தது. வெள்ளரிக்காய்த் துண்டு வாடிப்போனது. கன்னம் ஒட்டிவிட்டது, கன்னம் ஒட்டின மானேஜரை நீ பார்த்திருக்கிறாயா, எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டுக் கேட்டு மாய்ந்துபோனேன். அதன் இடத்தை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தேன் தெரியுமா. தினமும் காலையில் கடைக்குப் போகுமுன் ஒரு காலி வாளியில் அதைத் தட்டால் தள்ளி இறக்கிவிட்டு, கீழே போட்டிருக்கிற காகிதத் துண்டையெல்லாம் கொட்டிவிட்டு, கூண்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, சக்கரத்தைக் கழுவி, அது படுக்கிற துணியைத் துவைத்து, வாசனைத் தண்ணீரில் நனைத்து, இஸ்திரியும் போட்டு விரித்தேன். மடிப்புக் கலையாத படுக்கையில் தூங்கின ஹாம்ஸ்டர் உலகத்திலேயே அது ஒன்றுதான். நம் பிழைப்பே அதுதானே, யார் வீட்டுத் துணியானாலும் அந்த வீட்டு வாடை ஒரு பொட்டு இல்லாமல் எடுத்துக் கொடுப்பது. அதில் எனக்கு இருக்கிற கர்வம் உனக்குத் தெரியும்.

அந்தக் கர்வத்தோடு நான் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரத்தில்தான் ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். முந்தின நாள் ஒரு சின்னப் போர்வை வாங்கிக்கொண்டு போனவள். மஞ்சளில் யானை படம் போட்டது, எங்களிடம் வரும்போது பால் கறையும் எச்சில் கறையுமாகப் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது, நானே தனியாக ஊறவைத்துப் புதுசு போல ஆக்கிக் கொடுத்திருந்தேன். பாராட்டத்தான் வந்திருக்கிறாள் என்று எழுந்து நின்றேன். அவள் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது, இடுப்பில் குழந்தை தொண்டை கட்டிப்போய் அழுதுகொண்டிருந்தது. என்ன சார் பண்ணி வெச்சீங்க என்றாள். சாயம் போயிடுச்சாம்மா என்றேன். சாயமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இவன்தான் இதைத் தொடவே மாட்டேங்கிறான், மோந்து பார்க்கிறான், தூக்கி எறியறான், ராத்திரி பூரா வேற ஒண்ணைத் தேடுறான், இதுதான்டா அதுன்னு எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன் என்றாள். நான் வழக்கம்போல, வேணும்னா இன்னொரு தடவை இலவசமா துவைச்சுத் தரேன்மா என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள் பார், வாழ்நாளில் மறக்க மாட்டேன். துவைச்சதுதான் சார் பிரச்சினையே, அவன் வாசனையைத் திருப்பித் தருவீங்களா என்றாள்.

கண்ணு, நான் தினமும் காலையில் மானேஜரின் வீட்டை இடித்துவிட்டு வேற்று வீட்டில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அது ராத்திரியெல்லாம் ஓடி ஓடி, உரசி உரசி, இது என் இடம் என்று தன் வாடையை வைத்திருக்கும், நான் விடிந்ததும் சோப்பைப் போட்டுத் துடைத்திருப்பேன். தினமும் முதல் நாள். அது எப்படி என்னை நம்பும், தன் படுக்கையையே அதால் நம்ப முடியவில்லை. அந்தப் பெண்ணிடம், போர்வையை ராத்திரி உங்க தோள்லயே போட்டுட்டு வேலையைப் பாருங்கம்மா, உங்க வாசனை ஏறட்டும், அப்புறம் அவன் கையில குடுங்க என்று ஏதோ தோன்றினதைச் சொல்லிவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அன்றைக்குக் காலையில் கூண்டைக் கழுவும்போது கொட்டின காகிதத் துண்டுகள் தெரு முனைக் குப்பைத் தொட்டியில் கிடந்தன. சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே தலையை விட்டுத் தேடினேன். மாடி வீட்டுக்காரர் அந்த வழியாக வந்து, என்ன சார் தொலைச்சீங்க என்றார். எலி மூத்திரம் பட்ட காகிதம் சார் என்று உண்மையையே சொன்னேன், அதிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். கிடைத்த ஒரு பிடியைக் கொண்டுவந்து கூண்டில் போட்டேன். மானேஜர் வந்து மூக்கை வைத்து மோந்தது, அப்புறம் ஒவ்வொரு துண்டாக வாயில் கவ்விக்கொண்டு மூலைக்குப் போய்க் கூடு கட்டியது. அன்றைக்குச் சாயங்காலம் ஒரு விதை தின்றது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா, விதையைத் தின்னா அழறீங்க, தின்னலன்னா அழறீங்க, எதுக்குத்தான் சிரிப்பீங்க என்று கேட்டுவிட்டு, எனக்குச் சோறு போட்டாள்.

என் வாடையும் அதற்குப் பழக வேண்டுமே என்று நான் போட்டிருந்த பனியனில் ஒரு துண்டு கிழித்து வைக்கலாம் என்று பார்த்தால், நம் வீட்டில் துவைக்காத துணி என்று ஒன்று கிடையாது. அதற்காகவே ஒரே பனியனை விடாமல் போட்டுக்கொண்டு திரிந்தேன். சலவைக் கடைக்காரன் மேல் வேர்வை வாடை வீசினால் வியாபாரம் என்ன ஆகும், இஸ்திரிக்காரர் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு வேலை பார்த்தார். அந்தப் பனியன் துண்டை மானேஜர் முதலில் கூட்டுக்கு வெளியே தள்ளியது, பிறகு உள்ளே இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான் முன்னேற்றம். கைக்கு வரவில்லை. இதற்கு நடுவில்தான் நீ போனில், எலி என்னப்பா ஆச்சு, டிக்கெட் எடுக்கணும் என்று கேட்டாய், எனக்கு மூளை கலங்கி அந்த உருண்டையைக் கையில் எடுத்தேன். நீ டிக்கெட் எடுத்ததாகச் செய்தி வந்ததும் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அதன் பிறகு கடை மூடினதும் நேரே வந்து கூண்டுப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, கையை உள்ளே வைத்து, உள்ளங்கையை விரித்து, வாயை மூடிக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். வாயை மூடிக்கொண்டு என்பதை இன்னொரு தடவை படி. விரலில் கடி வாங்கினதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. சொல்வதற்கு எவ்வளவு கதை சேர்ந்துவிட்டது தெரியுமா, பேக்கரிக்காரர் இப்போது மீசைக்கும் சாயம் அடிக்கிறார், நான் யாரிடமும் சொல்லவில்லை. மானேஜர் வெளியே வரும், மூக்கை ஆட்டும், என் சுண்டு விரல் வரை வரும், நிற்கும், திரும்பிப் போய்விடும். வா சாமி, ஒரே ஒரு தடவை வா, என் பேத்தி வரப்போகிறாள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். இந்த வயதில் நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சினது இல்லை, உன் அம்மாவைப் பெண் கேட்கப் போனபோதுகூட இல்லை.

முந்தாநாள் சாயங்காலம் அப்படி உட்கார்ந்திருந்தவன் அசதியில் கண் அசந்துவிட்டேன். முழித்தபோது கை கனமாக இல்லை, சூடாக இருந்தது. குனிந்து பார்த்தால் மானேஜர் என் உள்ளங்கைக் குழியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சு அடிப்பது என் தோலில் தெரிந்தது, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி. எனக்கு மூக்கு அரித்தது, கால் மரத்துப்போனது, கண்ணில் தண்ணீர் வந்து நுனியில் நின்றது, துடைக்கவில்லை. மூச்சைக்கூடச் சின்னதாக விட்டேன். போன் மேஜையில்தான் இருந்தது, எடுத்தால் ஓடிவிடும் என்று எடுக்கவில்லை. அதனால் இந்தத் தடவை போட்டோ இல்லை. பொய்க்கு ஆதாரம் அனுப்பினவன், உண்மைக்கு ஒன்றும் இல்லாமல் நிற்கிறேன். நீ நம்பினால் உண்டு.

இனி முடிவு உன் கையில். டிக்கெட்டை ரத்து பண்ணிவிட்டுப் பாப்பாவைச் சம்பந்தி அம்மாவிடம் விட்டால் நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன், எழுதினால் அதுவும் பொய், நினைப்பேன், கடையில் ஆவி அடிக்கிற அறைக்குப் போய் அழுவேன், அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் உன் மேல் கோபப்பட மாட்டேன், அது சத்தியம். கொண்டுவந்தால், கேட்டுக்கொள், நான் ஸ்டேஷனுக்கு வர மாட்டேன், அம்மா வருவாள். நான் வீட்டில் ஜன்னலோர நாற்காலியில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வா என்று கூப்பிட மாட்டேன், தூக்க மாட்டேன், சிரிக்கக்கூட மாட்டேன், புன்னகை வந்தால் அடக்கிக்கொள்கிறேன். பாப்பா ஒரு மாதம் என் பக்கம் வராவிட்டாலும் இருக்கட்டும். இந்தத் தாத்தா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க என்று மறுபடி கேட்டால், பாப்பா சொல்லும்போது போறேன் என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு ஒரே ஒரு வாய்ப்புக் கொடு தாயே, இதற்குமேல் எப்படிக் கெஞ்சுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையை மறக்காமல் போடுகிறாள், எனக்கும் ஞாபகப்படுத்துகிறாள். மாப்பிள்ளை புது வேலையில் ஆரம்பத்திலேயே எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்ட வேண்டாம் என்று சொல். நீ காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. வரும்போது பாப்பாவின் தலையணை உறை, போர்வை, கட்டிக்கொண்டு தூங்குகிற பொம்மை எதையும் துவைக்காமல் அழுக்காகவே கொண்டு வா, நான் தொட மாட்டேன், அம்மாவையும் தொட விட மாட்டேன். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். பதில் போடும்போது முதல் வரியிலேயே வருகிறாயா இல்லையா என்று எழுதிவிடு, மற்ற நலன் விசாரிப்பெல்லாம் கீழே வைத்துக்கொள்ளலாம்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தினாள். நான் கழுவுவதை நிறுத்தின மறுநாளே மானேஜர் அவள் கைக்கு வர ஆரம்பித்துவிட்டதாம், நான் கேட்கவில்லையாம், அதனால் அவள் சொல்லவில்லையாம். முந்தாநாள் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தது அவள்தான்.